இரண்டு நோ பாலும் யாரும் கேட்காத கேள்வியும்

இதில் வருகிறவர் 24 வயது வேகப்பந்து வீச்சாளர். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்லிக்கொள்கிறேன். நான் மனநல ஆலோசகர். மாத்திரை எழுதுகிறவள் இல்லை. கிரிக்கெட் வீட்டு டி.வி. அளவுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு தப்பும் செய்தேன், அது பின்னால் வரும்.

வந்தபோது

மே மாதம் ஒரு மதியம். அழைத்து வந்தவர் ஓசூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "தம்பிக்கு மஞ்சக் காமாலைன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கோம் மேடம்."

காமாலை எதுவும் இல்லை. நாற்பது நாளாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு பாதிக்குப் பாதி, ஐந்து கிலோ இறங்கியிருந்தார். பகலில் வாசல் தாண்டுவதில்லை. இரண்டு முறை நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, ஹார்ட் அட்டாக் என்று பயந்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். இ.சி.ஜி. நன்றாக இருந்தது. கேஸ் டிரபிள் என்று ஒரு ஊசியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, தாயத்தும் கட்டியிருந்தார். "கண்ணு பட்டுடுச்சு" என்பது அவர் கணிப்பு. நான் சிரிக்கவில்லை. எத்தனை கண் பட்டது என்று யூடியூப் எண்ணிக்கையே காட்டியது.

தம்பி தொப்பியைக் கழற்றவில்லை. கதவு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். போன் தொடை மேல் கவிழ்ந்து கிடந்தது. பேசினாலும் பேசாவிட்டாலும் இடது கால் கட்டைவிரல் தரையில் ஒரே இடத்தில் ஒரு கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அது என்ன கோடு என்பது மூன்றாவது சந்திப்பில்தான் எனக்கு உறைத்தது.

காமாலைக் கதையைக் கேட்டதும் நினைவுக்கு வந்தவர் இங்கிலாந்தின் மார்கஸ் டிரெஸ்கோதிக். 2006-ல் இந்தியச் சுற்றுப்பயணத்தில் டெஸ்ட் தொடர் தொடங்கும் முன்பே ஊர் திரும்பினார். உண்மையில் அது மனச்சோர்வும் பதற்றமும். வெளியே சொன்ன காரணங்களில் ஒன்று வைரஸ். இரண்டு வருடம் கழித்துத் தன் புத்தகத்தில்தான் முழுதாகச் சொன்னார். சர்வதேச ஆட்டக்காரருக்கு வைரஸ், காவேரிப்பட்டணத்துப் பையனுக்குக் காமாலை. உடம்புக்கு வந்த நோய் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ படிவத்தில் 27-க்கு 17 வந்தது. 15 தொட்டாலே மனச்சோர்வு ஓரளவு கடுமை என்று அர்த்தம். கடைசிக் கேள்வியைப் படிவத்தில் மட்டும் விட்டுவிடாமல் வாய்விட்டுக் கேட்டேன்: செத்துப் போயிடலாம்னு தோணுச்சா? அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை, கேட்பதால் எண்ணம் வருவதில்லை. அக்காவை வெளியே இருக்கச் சொல்லியிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு மூணு தடவ" என்றார். எப்படி, எங்கே என்று யோசித்தாரா என்றும் கேட்டேன். அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தோட்டமுள்ள வீடு, பூச்சிமருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கும். அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். பூச்சிமருந்து டப்பாக்களைப் பூட்டிச் சாவியை அக்கா வைத்துக்கொள்வது, ராத்திரி தனியாகப் படுக்க விடாமல் இருப்பது, தாங்க முடியாத நேரத்தில் 14416-ஐ அழைப்பது என்று மூன்றையும் அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். டெலி-மானஸ் என்கிற அந்த எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

புறப்படும்போது வாசலில் திரும்பி, "இத நீங்கதான் மொதல்ல கேட்டீங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று அப்போது புரியவில்லை.

அந்த ஓவர்

தம்பி சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஒரு கிளப்புக்கு ஆடிவந்தார். அது லெதர் பால். பேட்டா, பஸ் சார்ஜ் தவிர அதில் பெரிதாக ஒன்றும் வராது. வருமானம் டென்னிஸ் பாலில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஏரி காய்ந்ததும் டோர்னமென்ட் ஆரம்பித்துவிடும். பேனர், மைக் செட், கோப்பை, ப்ரைஸ் மணி, யூடியூப் லைவ், வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூப்பிடும் கெஸ்ட் பிளேயர்கள். தம்பி அப்படி ஒரு கெஸ்ட் பிளேயர், கடைசி ஓவர் ஸ்பெஷலிஸ்ட். நல்ல சீசனில் வீட்டுச் செலவை இதிலேயே ஓட்டியிருக்கிறார். ஆகவே அவர் தொழில்முறை ஆட்டக்காரர்தான். ஒப்பந்தம், மேனேஜர், பிசியோ மட்டும் கிடையாது.

இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் ஒரு பெயர் பாடம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பாலிலிருந்து போய், 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்கு எடுக்கப்பட்டு, 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானவர். முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கிடமானது என்று புகார் வந்து, கையை மாற்றிப் பழகித் திரும்பி வந்த கதையை யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. ஊர் சொல்வது "நடராஜன் மாதிரி வரணும்டா" மட்டும்தான்.

அன்று எட்டு ஓவர் பைனல். கடைசி ஓவரில் எதிரணிக்கு 14 ரன் தேவை. முதல் பந்து டாட், இரண்டாவது சிங்கிள். மூன்றாவது நோ பால், அதாவது கோட்டைத் தாண்டிக் கால் வைத்துப் போட்ட பந்து. அது ஓவர் கணக்கில் சேராது, எதிரணிக்கு ஒரு ரன்னும் சும்மா போகும். அதில் நான்கு. அதற்குத் தண்டனையாகப் போட்ட ஃப்ரீ ஹிட்டும் நோ பால், அதில் சிக்ஸ். அடுத்த பந்தில் ஒரு ரன். மூன்று பந்து மிச்சம் இருக்க ஆட்டம் முடிந்தது.

அன்று ராத்திரியே 38 விநாடி வீடியோ ஒன்று சுற்ற ஆரம்பித்தது. காலும் கோடும் மட்டும் ஸ்லோ மோஷனில். மேலே எழுத்து: "எவ்ளோ வாங்கின தம்பி?"

நோ பால் என்றால் ஏன் காசு?

ஒயிடு போட்டால் "தெரியாதவன்" என்பார்கள். நோ பால் போட்டால் "விலை போனவன்" என்பார்கள். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தானின் ஆமிரும் ஆசிஃபும் சூதாட்டத்துக்காக வேண்டுமென்றே நோ பால் போட்டது அம்பலமாகி, தடையும் சிறையும் வந்தது. அதிலிருந்து கோட்டைத் தாண்டிய கால் என்றாலே பார்ப்பவர் கண்ணில் ஒரு சந்தேகம். 2017 சாம்பியன்ஸ் டிராபி பைனலில் பும்ரா போட்ட நோ பாலில் பாகிஸ்தானின் ஃபகர் ஜமான் தப்பித்து 114 அடித்தார். அப்புறம் ஜெய்ப்பூர் போக்குவரத்துப் போலீஸ், கோட்டைத் தாண்டாதீர்கள் என்ற விளம்பரத்துக்கு அந்தப் படத்தையே எடுத்துப் போட்டது. நாட்டுக்காக முழு மூச்சாக ஆடினால் கிடைக்கிற மரியாதை இதுதானா என்ற பொருளில் பும்ரா பதில் போட்டார். 2023 ஜனவரியில் புனேயில் இலங்கைக்கு எதிராக இரண்டே ஓவரில் ஐந்து நோ பால் போட்ட அர்ஷ்தீப் சிங், அடுத்த வருட டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார்.

இவற்றையெல்லாம் தம்பியிடம் இரண்டாவது சந்திப்பில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு அடுத்த மேட்ச் இருந்துச்சு மேடம்" என்றார். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. உதாரணம் சொல்லி ஆறுதல் சொல்வதை அன்றோடு நிறுத்தினேன்.

ஆனால் ஒரு உதாரணத்தை அவரே கொண்டு வந்தார். வருண் சக்கரவர்த்தி. 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட் இல்லை. இந்தியாவுக்கு வராதே என்று போனில் மிரட்டல் வந்ததையும், விமான நிலையத்திலிருந்து வரும்போது பைக்கில் பின்தொடர்ந்ததையும், தான் மனச்சோர்வில் இருந்ததையும் 2025-ல் ஒரு பேட்டியில் வருணே சொன்னார். அதே வருடம் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட். தம்பிக்கு அந்த ஐந்து விக்கெட்டில் ஆர்வம் இல்லை. "பைக்ல பின்னாடி வந்தாங்கன்னு சொன்னாரு பாருங்க, அது எனக்குத் தெரியும்" என்றார். டீக்கடைக்குப் போனபோது இரண்டு பையன்கள் அவர் வண்டிக்குப் பின்னாலேயே வந்து "நோ பால், நோ பால்" என்று ஹாரன் தாளத்தில் கத்தியிருக்கிறார்கள். இந்திய அணி ஆட்டக்காரருக்கு ஓட்டலும் விமானமும் இருக்கின்றன, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. தம்பிக்கு அந்த டீக்கடையைத் தாண்டாமல் மெயின் ரோட்டுக்கு வரவே வழியில்லை.

நான் செய்த தப்பு

முதல் வாரம் போனை அணைத்து வைக்கச் சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். அவருக்கு மேட்ச் அழைப்பும் வாட்ஸ்அப்பில், காசு வருவது ஜீபேயில் என்பதை நான் யோசிக்கவில்லை. அதைவிட மோசம், கமென்ட்டைப் பார்க்க முடியாதபோது மனசு தானாகக் கமென்ட் எழுத ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மாமா பையன் போனை எடுத்துப் போர்வைக்குள் வைத்துப் படித்திருக்கிறார். அந்த வாரம் மூன்றாவது முறை மூச்சு முட்டியது. அது என் கணக்கில்.

இதற்கிடையில் மருத்துவர் மாத்திரை ஆரம்பித்திருந்தார். வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதை வீட்டாரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாளே "ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்தப் பார்த்தார்கள்.

நாற்பது பக்க நோட்டு

போனை மூடுவதற்குப் பதில் நேருக்கு நேர் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பகலில் மட்டும், என் அறையில் மட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்த வீடியோவின் கீழ் இருந்த கமென்ட்டுகளை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். பக்கத்தில் இரண்டு கட்டம்: போட்டது யார்? இதை வைத்து நாளைக்கு நெட் பிராக்டிஸில் ஏதாவது செய்ய முடியுமா?

எழுத எழுதக் கை வேகம் குறைந்தது, மூச்சும் அடங்கியது. திரையில் பார்க்கும்போது சாட்டையடியாக விழுகிற சொல், பால்பாயின்ட் பேனாவில் எழுத்துப் பிழையோடு எழுதும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். "தேவடியா" என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டவர் அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மொத்தம் 146. எண்ணி முடித்தபோது தெரிந்தது, அதில் 58 ஐந்தே ஐந்து பேர் போட்டது. அவர் மனசில் அதுவரை "ஊரே" என்றுதான் இருந்தது. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் தோற்ற அணியில் பந்தயம் கட்டியவர்கள் என்று அவரே ஊகித்தார். எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது கட்டத்தில், 145-க்கும் பதில் "முடியாது". ஒன்றுக்கு மட்டும் "முடியும்". யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "பழைய வீடியோ பாருங்க. அப்ப பதினாலு ஸ்டெப், இங்க பன்னெண்டு. ரன்-அப்ப கொறச்சவன் மார்க்க மாத்தல."

தம்பி நோட்டை மூடிவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அந்த மைதானத்தில் பந்துவீசும் முனைக்குப் பின்னால் கமென்டேட்டர் மேடை போட்டிருந்தார்கள். முழு ரன்-அப் ஓட இடம் இல்லை, இரண்டு ஸ்டெப் குறைத்தார். குறைத்தவர் டேப் வைத்து மறுபடி அளக்கவில்லை, கண் மதிப்பில் செருப்பை வைத்து அடையாளம் போட்டார். முதல் ஓவரில் வேகம் குறைவாக ஓடியதால் சரியாக விழுந்த கால், கடைசி ஓவரின் அவசரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். பேராசையும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை, ஒரு அளவுப் பிசகு. 145 வசவுக்கு அடியில் புதைந்து கிடந்ததால் இந்த ஒரு விமர்சனம் அவரை வந்து சேர நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதே நோட்டில் ஒரு வரி காலியாக விட்டிருந்தார், எண் மட்டும் போட்டு. 91. அது கூடப் படித்த ஒருவன் போட்டது. அதை எழுதச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

காரணம் தெரிந்ததும் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ஜூன் கடைசியில் பள்ளி மைதானத்தில் நண்பன் ஒருவனோடு பந்து போடப் போனவர், நான்கு பந்துக்கு மூன்று நோ பால் போட்டுவிட்டு வந்தார். இப்போது அளவு சரி. ஆனால் கண் முழுக்கக் காலிலேயே. தலையில் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடக்கிறவர்கள் காலைப் பார்ப்பதில்லை, பார்த்தால் குடம் சாயும். பழகிய உடம்பு தானாகச் செய்கிற வேலையை மனசு மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். பேட்ஸ்மேன்களுக்கும் வரும், கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் வரும். என் அறையில் கட்டைவிரல் தேய்த்துக்கொண்டிருந்ததும் அந்தக் கோட்டைத்தான்.

அதற்கு வைத்தியம் படிப்படியாகத்தான். முதல் வாரம் கோடே இல்லாமல் வெறும் தரையில். அடுத்து கோடு உண்டு, ஸ்டம்ப் இல்லை. அப்புறம் ஸ்டம்ப், கீப்பர். அப்புறம் பக்கத்தில் நின்று இரண்டு பேர் கத்த வேண்டும், கத்துவதற்கு அக்கா மகனும் அவன் சிநேகிதனும். அந்தச் சிறுவர்கள் இந்த வேலையை மிகுந்த சந்தோஷத்தோடு செய்தார்கள். பார்வைக்கு, பேட்ஸ்மேன் காலடியில் யார்க்கர் விழும் இடத்தில் ஒரு சிவப்பு செங்கல் துண்டு.

அப்பா

சரி, இவ்வளவும் செய்தும் ஏழாவது வாரம்வரை தூக்கம் மட்டும் திரும்பவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அப்பா முதல் முறையாக வந்தார். மாங்காய் சீசன் ஓய்கிற நேரம். மண்டியிலிருந்து மாங்கூழ் பேக்டரிக்கு லோடு அடிக்கிற வண்டி அவருடையது. கையில் ஒரு பையில் பெங்களூரா மாம்பழம், எனக்கு.

மகன் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "நெசமாவே அவன் காசு வாங்கலையா மேடம்?"

மண்டியில் யாரோ சிரித்துக்கொண்டே "உம் பையன் எவ்வளவு பாத்தான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் மகனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. லோடு லேட்டாகுது என்று சொல்லி வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். திட்டவில்லை, கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மகனுக்கோ, அப்பா கேட்காமல் இருப்பதிலிருந்தே அப்பா நம்பிவிட்டார் என்று புரிந்துபோனது. யூடியூபில் வந்த 146 கமென்ட்டை விட, காலியாகக் கிடந்த அப்பாவின் தட்டுதான் அந்த வீட்டில் பெரிதாகச் சத்தம் போட்டிருக்கிறது.

இப்படி யாரும் கேட்காமல் விடுவது பெரிய ஆட்டக்காரர்களிடமும் உண்டு என்று நினைக்கிறேன். விராட் கோலி 2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸில் 134 ரன். 2019-ல் ஆஸ்திரேலியாவின் கிளென் மேக்ஸ்வெல் மனநலத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகியபோது, அந்த 2014-ஐப் பற்றிக் கோலி சொன்னார்: உலகமே முடிந்துபோன மாதிரி இருந்தது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. சுற்றிலும் பயிற்சியாளர்கள் இருந்த அணியில்தான் இது. மேக்ஸ்வெல் விலகியதோ, இலங்கைக்கு எதிராக 28 பந்தில் 62 அடித்த தொடரின் நடுவில். நன்றாக ஆடுகிறவனிடம் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

அப்பாவிடம் நான் பதில் சொல்லவில்லை. "என்னக் கேக்காதீங்க ஐயா, அவரக் கேளுங்க. இதே வார்த்தையிலயே கேளுங்க" என்றேன். இது ஆபத்தான யோசனைதான். ஏற்கெனவே நொந்தவரிடம் அப்பாவே குற்றம் சாட்டுகிற மாதிரி போய் முடியலாம். மகனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு கேள்வி வரும், பதில் சொல்லத் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் விட்டேன். என்ன கேள்வி என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து நடந்ததைத் தம்பியே சொன்னார். காலி வண்டியில் இரண்டு பேரும் திரும்பி வந்திருக்கிறார்கள். பர்கூர் தாண்டி அப்பா வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டரைக்கூட அணைக்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாராம். தம்பி கதவைத் திறந்து இறங்கி அரை கிலோமீட்டர் நடந்திருக்கிறார். அப்பா பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அப்புறம் ஏறிக்கொண்டு, ரன்-அப், மேடை, செருப்பு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முழுதும் கேட்ட அப்பா, "டேப்பு வண்டியிலயே கெடந்துச்சேடா, எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல" என்றாராம். தார்ப்பாய் அளக்கிற டேப்.

அன்று ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினார். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை. ஏழெட்டு வாரத்தில் மருந்து முழுதாகப் பிடித்திருக்கிற நேரமும் அதுதான் என்பதால், எல்லாப் பெருமையையும் அந்த வண்டிக்கே கொடுத்துவிட மாட்டேன்.

அதற்குப் பின்

பன்னிரண்டாவது வாரம் படிவத்தில் 6. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம், வாய்விட்டுக் கேட்டதற்கும் அதே. மாத்திரையை நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நடுவில் ஒரு முறை தானாக நிறுத்தி, பத்து நாளில் தலைசுற்றலோடு வந்தார். சென்னை கிளப்பில் அவர் இடம் போய்விட்டது, அந்த சீசனுக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். காமாலை என்று சொன்னதை ஊரில் இன்னும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை. கூடப் படித்தவனோடு பேச்சு இல்லை. 91-வது வரி காலியாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு டோர்னமென்டுக்குக் கூப்பிட்டார்கள், முன்பு வாங்கியதில் பாதிக் காசுக்கு. டேப்போடு போனார். மேட்ச் லைவை நான் வீட்டில் போனில் பார்த்தேன். அவருடைய இரண்டாவது ஓவரில் ஒரு நோ பால். கமென்ட்டை மூடிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்கிற நான், அந்த ஓவர் முடியும்வரை ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கீழே ஓடிக்கொண்டிருந்த வரிகளைத்தான் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன்.